திரி கருகுமுன்: போதக ஊழியத்தில் வரும் சோர்வைக் குறித்து

பதினொரு ஆண்டுகளாக ஒரே சபையை மேய்த்துவரும் போதகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. சனிக்கிழமை இரவுகளில் அவருக்கு உறக்கம் வருவதில்லை. தொலைபேசி ஒலித்தாலே எரிச்சல் எழுகிறது. பிறருக்காக ஜெபிக்க முடிகிறது, ஆனால் தமக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. சாவு நடந்த வீட்டில் அழுகிறவர்களின் நடுவே அமர்ந்திருக்கும்போதும் மனம் கல்லாகக் கிடக்கிறது. உபவாசம் இருந்து பார்த்தார், ஒரு வாரம் விடுப்பும் எடுத்தார். இரண்டாலும் பயன் இல்லை. ஊழியத்தை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறார். "என் அழைப்பு என்னைவிட்டுப் போய்விட்டதா, அல்லது என் விசுவாசம் குறைந்துவிட்டதா?" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரரே, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சபை ஊழியத்தில் இருந்தவன், இப்போது இளைய போதகர்களுக்குத் துணையாக இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். என் ஊழியத்தின் பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு குழந்தையின் அடக்க ஆராதனையை நடத்திவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், எனக்குள் துக்கமே எழவில்லை என்பதைக் கண்டு நான் பயந்தேன். அன்றைக்கு அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. பாவம் என்று நினைத்து மனந்திரும்ப முயன்றேன். அது பாவம் அன்று, சுமை என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளும் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்தச் சோர்வுக்கு இன்று எல்லாரும் சொல்லும் பெயர் பர்ன்அவுட். இந்த நிலையை உளவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் மருத்துவ உளவியலாளர். நியூயார்க்கில் ஏழைகளுக்காக இலவச மருத்துவமனை ஒன்றில் தன்னார்வமாக உழைத்தவர்களிடமும் தம்மிடமும் கண்டதை அவர் 1974இல் எழுதினார். பணத்துக்காக வேலை செய்தவர்களிடம் அல்ல, ஒரு நோக்கத்துக்காகத் தங்களை முழுவதுமாகக் கொடுத்தவர்களிடம் இதை அவர் முதலில் கண்டார் என்பது நமக்கு முக்கியமான செய்தி. பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் ஆய்வாளர் இதற்கு மூன்று கூறுகள் உண்டு என்று வகுத்து, 1981இல் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து அதை அளக்கும் வினாநிரல் ஒன்றை வெளியிட்டார். உணர்வு வற்றிப்போதல் முதலாவது. யாருக்குப் பணி செய்கிறோமோ அவர்களிடமிருந்தே மனம் விலகி இறுகிப்போதல் இரண்டாவது. செய்வதால் ஒரு பயனும் விளையவில்லை என்ற எண்ணம் மூன்றாவது. விளக்கில் எண்ணெய் வற்றிய பிறகு எரிவது திரிதான். வெளியே இருப்பவர்களுக்கு அப்போதும் வெளிச்சம் தெரிந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் பிரசங்கம் இன்னும் நன்றாக இருக்கிறது என்று சபையார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் நலமாக இருக்கிறீர்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றில் இரண்டாவதைத்தான் போதகர்கள் தங்களிடமே ஒப்புக்கொள்ள மிகவும் தயங்குகிறார்கள். ஒரு விதவையின் வீட்டுக் கதவைத் தட்டும்போது, அவள் பெயரும் அவள் பட்ட பாடும் நினைவுக்கு வராமல், இன்றைய சந்திப்புகளில் இது நான்காவது என்ற எண்ணமே வருகிறது. இது அன்பு செத்துப்போனதன் அடையாளம் என்று நினைக்கிறோம். உண்மையில், தாங்க முடியாத அளவுக்கு வலியைப் பார்த்துவிட்ட மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்டுக்கொண்ட கதவு அது. சுமை குறைந்தால் அந்தக் கதவு மெல்லத் திறக்கும், எனக்குத் திறந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாக. வேலையிடத்தில் நெடுநாள் நீடித்து, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்று அது சொல்கிறது. அப்படியானால் உங்கள் உள்ளத்தை மட்டும் ஆராய்ந்துகொண்டிருப்பது போதாது, உங்கள் வேலை எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் ஆராய வேண்டும். உபவாசமும் ஒரு வார விடுப்பும் பலன் தராததற்குக் காரணம் இதுதான். விடுப்பு முடிந்து நீங்கள் திரும்பி வந்தது அதே அமைப்புக்குள்ளே.

இங்கே ஓர் எச்சரிக்கையை இடையில் சொல்லியாக வேண்டும். ஊழியச் சோர்வும் மனச்சோர்வு என்னும் நோயும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. ஊழியத்தில் மட்டுமன்றி, பிள்ளைகளிடத்திலும், முன்பு விரும்பிய எதிலும் மகிழ்ச்சி இல்லாமல், பெரும்பாலான நாட்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் அப்படியே நீடித்தால், மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, சர்க்கரை நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் இதேபோன்ற களைப்பைத் தரக்கூடும். இவற்றைப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். வாழ்வதைவிடச் சாவதே நல்லது என்ற எண்ணம் எப்போதாவது தலைதூக்கினால் அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போடாமல் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அன்றைக்கே மருத்துவ உதவியைத் தேடுங்கள். மருந்து எடுத்துக்கொள்ளும் போதகர் விசுவாசத்தில் குறைந்தவர் அல்லர்.

சரி, ஏன் இந்த வேலை இப்படி மனிதரை வற்றவைக்கிறது? வேலை மிகுதி என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். நீண்ட நேரம் உழைத்தும் வற்றாத போதகர்களை நான் அறிவேன். குறைவாக உழைத்தும் உள்ளே வற்றிப்போனவர்களையும் அறிவேன். நான் கண்ட வரையில், வேலையின் அளவைவிட அதற்கு எல்லை இல்லாமையும் அதைத் தனியாகச் சுமப்பதுமே அதிகமாக நசுக்குகின்றன. தச்சர் ஒரு கதவைச் செய்து முடித்தால் அது முடிந்தது. போதகரின் வேலை எப்போது முடிகிறது? சந்திக்க வேண்டிய வீடு எப்போதும் ஒன்று மீதியிருக்கும். ஜெபிக்க வேண்டிய பெயர் எப்போதும் ஒன்று மீதியிருக்கும். ஞாயிறு மாலை களைத்துச் சாயும்போதே அடுத்த ஞாயிறு கண் முன்னே வந்து நிற்கிறது. காலையில் திருமணத்தை நடத்தி மகிழ்ந்த முகத்தோடு மாலையில் கல்லறை அருகில் நிற்க வேண்டும். இடையே வீட்டுக்குப் போய் மனதை மாற்றிக்கொள்ள ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. ஒரே சபைக்குள் சண்டையிட்டுக்கொள்ளும் இரண்டு குடும்பங்களின் இரகசியங்களையும் மனதில் வைத்துக்கொண்டு, இருவருக்கும் ஒரே கையால் திருவிருந்து கொடுக்க வேண்டும். அந்த இரகசியங்களை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. மற்ற வேலைகளில் வேலை வேறு, ஆள் வேறு. போதகருக்கோ வேலையும் விசுவாசமும் நண்பர்களும், பல இடங்களில் குடியிருக்கும் வீடும்கூட, ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. சபையில் ஒரு கூட்டத்தார் குறை சொன்னால், அது என் வேலையைப் பற்றிய குறையாகக் கேட்பதில்லை. தேவன் என்னை அழைத்தாரா என்பதையே கேள்வி கேட்பதுபோல் கேட்கிறது. வேலையில் தளர்ந்தவர் ஆறுதலுக்குக் கோவிலுக்குப் போவார். அந்தக் கோவிலே வேலையிடமாக இருப்பவர் எங்கே போவார்?

எண்ணிக்கையாகப் பார்க்க விரும்பினால், பர்னா என்னும் ஆய்வு நிறுவனம் 2022 மார்ச்சில் அமெரிக்கப் புராட்டஸ்டண்டு போதகர்களிடம் கேட்டபோது, முந்தைய ஓராண்டுக்குள் முழுநேர ஊழியத்தை விட்டுவிடலாமா என்று தீவிரமாக எண்ணியதாக 42 சதவீதம் பேர் சொன்னார்கள்; 2021 தொடக்கத்தில் அது 29 சதவீதமாக இருந்தது. அது கொரோனாவை ஒட்டிய காலம், ஒரு நாட்டின் நிலை. ஆகவே எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்திப் பார்க்க நான் துணியமாட்டேன். ஆனால் நீங்கள் மட்டுமே இப்படி உணர்கிறீர்கள் என்ற எண்ணத்தை விட்டுவிட அது போதும்.

வேதத்தைத் திறந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசே காலை முதல் சாயங்காலம்வரை மக்களுக்கு நியாயம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். தேவன் அழைத்தவர், தேவனோடு முகமுகமாய்ப் பேசியவர், செய்ததும் தேவனுடைய வேலைதான். ஆனாலும் அவருடைய மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். அடுத்த வாக்கியத்தை நாம் கவனமின்றிக் கடந்துவிடுகிறோம்: "நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்." போதகர் எல்லாவற்றையும் தானே செய்தால் போதகர் மட்டும் தொய்வதில்லை, வரிசையில் காத்திருக்கும் மக்களும் தொய்ந்துபோகிறார்கள். எனவே வேலையைப் பகிர்ந்துகொடுப்பதைப் போதகருக்குச் செய்யும் சலுகையாக நினைக்க வேண்டாம். சபை ஆரோக்கியமாக இருப்பதற்கே அது தேவை. எத்திரோ சொன்ன தீர்வும் கவனிக்கத்தக்கது. இன்னும் அதிகமாய் ஜெபியும் என்று அவர் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தும் என்றார்.

எலியா தீர்க்கதரிசியின் கதையை நீங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருப்பீர்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கிடைத்ததன் பின்னே வந்த சோர்வு அது; பெரிய கூட்டங்களும் பண்டிகைகளும் முடிந்த மறுநாளே நமக்கும் தாழ்வு வருவதை நினைத்துப் பாருங்கள். பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை விட்டுவிட்டு அவர் தனியாகப் போனார் என்று 1 இராஜாக்கள் 19 சொல்கிறது. சோர்ந்தவர் முதலில் செய்வது அதுதான்: துணையை விட்டு விலகுவது. சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டவரிடம் தேவதூதன் அவிசுவாசத்தைக் கண்டித்துப் பேசவில்லை. அவர் நித்திரை செய்தார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் அவருக்குக் கொடுக்கப்பட்டன. மறுபடியும் நித்திரை செய்தார். மறுபடியும் உணவு கொடுக்கப்பட்டது. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான் தூதன். ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசியது அதன் பிறகுதான். அங்கேயும், "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்றவருக்கு ஏழாயிரம் பேர் மீதியாயிருப்பது அறிவிக்கப்பட்டது. கூடவே நடக்க எலிசாவும் கொடுக்கப்பட்டார். முதலில் உறக்கமும் உணவும், பிறகு தேவனுடைய சத்தம், பிறகு துணை. சோர்ந்த போதகரிடம் நாம் பெரும்பாலும் தவறவிடுவது இந்த வரிசையைத்தான். நேராக ஓரேபுக்கு ஏறச் சொல்லிவிடுகிறோம்.

பிற்காலத்தவர்களில் ஆங்கிலப் பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1856இல் லண்டனில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்த மண்டபத்தில் தீ என்று யாரோ பொய்யாகக் கூவ, நெரிசலில் ஏழு பேர் இறந்தனர். அப்போது அவருக்கு 22 வயதுதான். அந்த வேதனையும் பிற்பாடு வாத நோயும் சேர்ந்து வாழ்நாள் முழுவதும் மனத்தாழ்வு அவரை விட்டு விட்டு வருத்தியது. அதை அவர் மறைக்கவில்லை. ஊழியத்துக்குப் பயிலும் தம் மாணவர்களுக்கு முன்பாகவே வெளிப்படையாகப் பேசினார். குளிர்காலங்களில் தெற்கு பிரான்சின் மாந்தோன் நகருக்குச் சென்று ஓய்வெடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். ஆனாலும் 57 வயதில் அங்கேயே இறந்தார். ஓய்வெடுத்தவர் என்பதற்காக அவரை முன்மாதிரியாகக் காட்டும்போது, அவர் சுமந்த வேலையின் அளவு மனித பலத்துக்கு மிஞ்சியது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முயலாதீர்கள். அதுவும் ஒரு சுமையாகிவிடும்.

முதலில் வாரத்தில் ஒரு முழு நாள். போதகர்களுக்கு ஞாயிறு ஓய்வுநாள் அன்று. ஆகவே வேறொரு நாள் வேண்டும், அது சபைக்கு அறிவிக்கப்பட்ட நாளாக இருக்க வேண்டும். அறிவிக்காமல் தனக்குள் வைத்துக்கொண்ட ஓய்வுநாள் மூன்று வாரம்கூடத் தாங்காது. திங்கட்கிழமையைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வரும் தாழ்ந்த மனநிலையிலேயே அந்த நாள் கழிந்துவிடுகிறது, வீட்டாருக்கு நம் மிச்சம் மட்டுமே கிடைக்கிறது. முடிந்தால் திங்களை எளிய வேலைகளுக்கு வைத்துக்கொண்டு, வாரத்தின் நடுவில் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள் என்பது என் கருத்து. அன்று தொலைபேசியை மூப்பர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். சாவும் விபத்தும் மட்டுமே உங்களிடம் வரட்டும். எது அவசரம் என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஆரம்பத்தில் சிலர் வருந்துவார்கள். "வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று ஆண்டவர் சீஷர்களை அழைத்தபோதும் மக்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருந்தார்கள், சாப்பிடவும் நேரமில்லாத அளவுக்கு. தேவை ஓய்ந்த பிறகு ஓய்வெடுக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது.

இரண்டாவது, துணை. இதையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். உங்கள் சபையைச் சேராத, உங்கள் மேலதிகாரியாகவும் இல்லாத, உங்களைவிட மூத்த ஒருவரை மாதம் ஒருமுறை சந்தியுங்கள். சபையின் திட்டங்களைப் பேசுவதற்காக அல்ல. "இந்த மாதம் யாரை வெறுத்தேன், எதில் பொறாமைப்பட்டேன், எங்கே நடித்தேன்" என்று சொல்வதற்காக. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் பெர்னார்டு, தம் பழைய சீடர் மூன்றாம் யூஜினியுஸ் என்ற பெயரில் போப்பாண்டவரானபோது அவருக்கு எழுதிய அறிவுரை இன்றும் நெஞ்சைத் தொடுகிறது: உம் நெஞ்சமாகிய பொது ஊற்றில் எல்லாரும் வந்து குடிக்கும்போது நீர் மட்டும் தாகத்தோடு ஒதுங்கி நிற்பீரா என்ற பொருளில் அவர் கேட்டார். பவுலும் தம் சோர்வை மறைக்கவில்லை. புறம்பே போராட்டங்களும் உள்ளே பயங்களும் இருந்தபோது தேவன் தம் உடன் ஊழியரான தீத்து வந்ததினாலே ஆறுதல் செய்தார் என்று எழுதினார். ஆறுதல் ஒரு மனிதனின் வருகையாக வந்தது. மனநல ஆலோசகரிடம் போவதும் இதில் அடங்கும். நாம் மற்றவர்களை ஆலோசனைக்கு அனுப்புகிறோம், நாம் மட்டும் போகத் தயங்குகிறோம்.

ஜெபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிறருக்காக முடிகிறது, தனக்காக முடியவில்லை என்றால், ஜெபமே வேலையாகிவிட்டது என்று பொருள். வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் பிரசங்கக் குறிப்பாகவே கண்ணில் படுகிறதா? அப்படியானால் சில மாதங்களுக்குப் பிரசங்கிக்கப் போவதில்லை என்று உறுதி செய்துகொண்ட ஒரு பகுதியை மட்டும் வாசியுங்கள். சொந்த வார்த்தை வராதபோது சங்கீதங்களைக் கடன் வாங்குங்கள். 88ஆம் சங்கீதம் ஒளியில்லாமலேயே முடிகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் நம் கையில் கொடுத்திருக்கிறார்.

களைப்பும் நிறைவும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பிரிட்டனைச் சேர்ந்த லெஸ்லி ஃபிரான்சிஸ் என்னும் குருவானவரான ஆய்வாளர், ஊழியர்களிடம் உணர்வுக் களைப்பையும் ஊழிய நிறைவையும் தனித்தனியாக அளந்து, நிறைவு மிகுந்தவர்களிடம் களைப்பின் தீங்கு தணிகிறது என்று காட்டினார். அதனால் நான் இளைய போதகர்களிடம் கேட்பது இது: எந்த வேலையைச் செய்யும்போது நீங்கள் அழைக்கப்பட்டதை இன்னும் உணர்கிறீர்கள்? சிலருக்கு அது சிறுவர்களுக்குக் கற்பிப்பது, சிலருக்கு நோயாளியின் படுக்கை அருகில் அமர்வது. கட்டட வேலையும் கணக்கும் குழுக் கூட்டமும் வந்து முதலில் தள்ளிவிடுவது அந்த ஒன்றைத்தான். வாரத்தில் ஒரு பாதி நாளாவது அதற்கு மீட்டெடுங்கள். கணக்கையும் கட்டடத்தையும் உங்களைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் சபையில் இருக்கிறார்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டதன் பின்னணி இதுவே.

உடலைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை: ஏழு மணி நேர உறக்கம், தினமும் நடை, நேரத்துக்கு உணவு, ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை. சனிக்கிழமை இரவு உறக்கமின்மைக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். பிரசங்கத்தை வியாழன் இரவுக்குள் முடித்துவிடுங்கள். சனி மாலைக்குப் பிறகு அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் சில வாரங்களில் வேறுபாட்டைக் காண்பீர்கள்.

இந்தப் பதிலை மூப்பர்களும் சபைக் குழுவினரும் வாசித்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் போதகரின் பொறுப்புகள் என்னென்ன என்று எழுத்தில் இருக்கின்றனவா? அவர் செய்ய வேண்டாதவை என்னென்ன என்றும் எழுதியிருக்கிறீர்களா? அவருடைய சம்பளம் குடும்பத்துக்குப் போதுமா என்று அவரே வாய் திறந்து கேட்கும்முன் நீங்கள் கேட்டதுண்டா? அவருடைய மனைவியைச் சம்பளமில்லாத இரண்டாவது ஊழியராகவும், பிள்ளைகளைச் சபையின் கண்காட்சியாகவும் நடத்துகிறீர்களா? பல ஆண்டுகள் உழைத்தவருக்குச் சில மாதங்கள் ஓய்வு விடுப்பு கொடுக்கும் வழக்கம் சில திருச்சபைகளில் உண்டு. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொன்ன தேவன், அதை உழுகிறவனுக்கு மறுக்கமாட்டார்.

கடைசியாக, ஊழியத்தை விட்டுவிடலாமா என்ற உங்கள் கேள்வி. விடுவது எப்போதும் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன்; சிலருக்குச் சபையை மாற்றுவதோ வேறு வகை ஊழியத்துக்குப் போவதோ சரியானதாக அமைந்திருக்கிறது. ஆனால் இந்த நிலையில் முடிவெடுக்காதீர்கள். வற்றிய மனம் எதைப் பார்த்தாலும் வறட்சியாகவே பார்க்கும். ஓய்வு, துணை, மருத்துவரின் கருத்து மூன்றும் அமைந்து ஆறு மாதம் கழிந்த பிறகு அதே கேள்வியை மறுபடியும் கேட்டுப் பாருங்கள். அதுவரை நீங்கள் நம்பும் இரண்டு மூப்பர்களிடம் மட்டும் நிலைமையைச் சொல்லுங்கள். பிரசங்க மேடையிலிருந்து சபை முழுவதற்கும் இப்போது அறிவிக்கத் தேவையில்லை. நீங்கள் எழுதியதில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், உங்களைச் சுமைப்படுத்தக் கூடாது என்று பேசாமல் இருக்கிறார் என்றே நான் எண்ணுகிறேன். மூப்பர்களிடம் போகுமுன், இன்றிரவே, எனக்கு எழுதிய இந்தக் கேள்வியை அப்படியே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.